பக்கத்தில் உயர்ந்த மரம் உள்ள வீட்டை வாங்கும் முன்: எந்த அறிகுறிக்கு என்ன காரணம், என்ன செய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டம் சூழ்ந்த ஊரில் பழைய வீடு தேடினால், பக்கத்தில் பெரிய மரம் இல்லாத வீடு அமைவது அபூர்வம். பின்வேலிக்கு அப்பால் செம்பனை (எண்ணெய்ப்பனை), சாலையோரம் தூங்குமூஞ்சி மரம், பக்கத்து வீட்டில் டுரியான், முச்சந்தியில் சூலம் நட்ட அரச மரம் என்று ஏதாவது ஒன்று நிற்கும். பார்க்க வருகிறவர்களில் சிலர் நிழலுக்கு மயங்கி அன்றைக்கே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். சிலர் மரத்தைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல வீட்டை வேண்டாம் என்று விட்டவர்களையும், மோசமான வீட்டைத் தலையில் கட்டிக்கொண்டவர்களையும் இதே ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். கிராண்ட்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் மாறிய பிறகுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் செலவுக் கணக்கைத் தவிர என்னால் சொல்ல முடிந்தது வேறில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் எதைப் பார்த்தீர்களோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எந்த அறிகுறியானாலும் இரண்டு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: இதைச் செய்தது உண்மையிலேயே மரம்தானா? அந்த மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் சரிசெய்ய முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

வீட்டுக்குப் போகும் முன்

டார்ச் லைட், ஒரு ஸ்குரூ டிரைவர், தையல்காரர் டேப், பென்சில், ஒரு கோலிக்குண்டு. இவ்வளவு போதும். வெயிலில் ஒரு தடவை பாருங்கள், பெருமழை விட்ட கையோடு இன்னொரு தடவை பாருங்கள். மழைக்குப் பின் போகும் தடவைதான் முக்கியம். கூரை, வடிகால், மண் எல்லாம் அப்போதுதான் உண்மையைக் காட்டும்.

விற்பவரிடம் கிராண்ட்டின் நகலையும் அதோடு இருக்கும் மனை வரைபடத்தையும் கேட்டு வாங்கி, எல்லைக் கல்லைத் தேடுங்கள். பழைய தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) தோட்டப்புற மனைகளிலும் வேலி எல்லைக் கல்லின் மேல் நிற்பதில்லை. இரண்டடி உள்ளேயோ வெளியேயோ இருக்கும். "மரம் நம்ம வீட்டு மரம்தான்" என்று விற்பவர் நல்ல மனசோடு சொல்லுவார். அளந்து பார்த்தால் அது ஆற்றோரமாக அரசு ஒதுக்கி வைத்த நிலத்திலோ தோட்ட நிறுவனத்தின் நிலத்திலோ இருக்கும். கல் கிடைக்கவில்லை, மரமோ எல்லையை ஒட்டி நிற்கிறது என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்து அளந்துவிடுங்கள். பின்னால் வரும் வழக்குச் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

சொந்த மனை மரம் என்றால் முடிவு உங்களுடையது. பக்கத்து வீட்டு மரம் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். சாலையோர மரத்துக்கு நகராண்மைக் கழகம். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்டத்து மரத்துக்குத் தோட்ட அலுவலகம். ஒதுக்கு நிலத்து மரத்துக்கு நில அலுவலகம்.

அக்கம்பக்கத்தில் பேசாமல் திரும்பாதீர்கள். இளம் தம்பதி ஒருவருக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பாட்டி, இந்த மரம் ஏதும் தொந்தரவு கொடுக்குமா?" என்று கேட்டோம். "மரத்துக்கு என்ன தம்பி, அது பாட்டுக்கு நிக்குது. லோங்காங் (வடிகால்) வெட்ட வந்தானுங்க பாரு, அந்தப் பக்கத்து வேரையெல்லாம் அறுத்துட்டுப் போயிட்டானுங்க. அதுக்கப்புறம்தான் காத்தடிச்சா ஆடுது" என்றார். விற்பவருக்கோ ஏஜென்ட்டுக்கோ தெரியாத விஷயம் அது. அந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது.

அறிகுறி: சுவரில் விரிசல்

விரிசலைப் பார்த்ததும் எல்லாரும் மரத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். இந்தப் பகுதியில் பெரும்பாலான விரிசலுக்குக் காரணம் மரம் இல்லை.

இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மரவேர் வீட்டை இறக்கிவிடும் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிலாந்து போன்ற இடங்களிலிருந்து வருவது. அங்கே சில பகுதிகளில் இறுகிய களிமண். கோடையில் மரம் தண்ணீரை உறிஞ்சியதும் களிமண் சுருங்கும், அந்தப் பக்கத்து அடித்தளம் இறங்கும், மழைக்காலத்தில் மறுபடி உப்பும். நம் பக்கம் ஆண்டு முழுக்க மழை, ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல். உள்நாட்டுப் பகுதிகளில் கருங்கல் சிதைந்து உண்டான செம்மண்தான் அதிகம். அது அந்த அளவுக்குச் சுருங்கி விரிவதில்லை. கடலோரம் வேறு கதை. பந்திங், தெலுக் இந்தான் பக்கம் மெத்தென்ற கடற்களிமண்; அங்கே மரமே இல்லாத இடத்திலும் கட்டடம் இறங்கும். 1885-இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்து நிற்பதற்குக் கீழே உள்ள மண்தான் காரணம், எந்த மரமும் இல்லை.

சரி, எந்த விரிசல் எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

மூல வீடும் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறையும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேராக ஒரு பிளவு இருந்தால், அது மரத்தின் வேலை இல்லை. மூல வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) போட்டு நிற்கும், நீட்டிக் கட்டிய பகுதி வெறும் மண்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டும் இரண்டு வேகத்தில் இறங்குவதால் நடுவே விடுகிறது. மலேசியாவில் நான் பார்க்கும் விரிசல்களில் இதுதான் மிகச் சாதாரணம். சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல்கள் என்றால் அது பூச்சுச் சிமெண்டு காய்ந்ததால் வந்தது.

சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக இறங்கும் விரிசல், அதுவும் மரத்துக்கு மிக அருகில் இருக்கும் மூலையில் மட்டும் என்றால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது? அந்த மூலையில் உள்ள கதவு சட்டத்தில் பிடிக்கிறதா? வெளியே அதே இடத்தில் வடிகால் தூக்கியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா? உடைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். வேர் வடிகாலை உடைக்கிறது, தண்ணீர் அடித்தளத்துக்கு அடியில் போய் மண்ணை அரிக்கிறது, வீடு அந்தப் பக்கம் இறங்குகிறது. அப்போது முதலில் சரிசெய்ய வேண்டியது வடிகால். மரத்தை வெட்டிவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வீடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அளவு பார்க்க வங்கி அட்டை போதும். அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர் சுமார். அட்டை நுழையவில்லை என்றால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தாலோ, விரிசலின் ஒரு பக்கச் சுவர் மறுபக்கத்தைவிட முன்னே துருத்தியிருந்தாலோ, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற சிவில் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதிதாக வண்ணம் அடித்த வீட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவர்மேல் படுத்து ஓடும்படி காட்டுங்கள். பட்டி வைத்து மூடிய விரிசல் லேசான வரப்பாக எழுந்து நிற்கும், அதன் நிழல் கோடு போட்டுக் காட்டிவிடும். ஒரே மூலையில் பழைய பட்டியின் மேலே புதுப் பட்டி அடுக்கடுக்காகத் தெரிந்தால், விரிசல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, விற்பவர் மூடிக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னும் ஒன்று. இந்தப் பகுதியில் சுண்ணாம்புக்கல் மலைகள் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கும் மண் சில இடங்களில் திடீரென உள்வாங்கும். தோட்டத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு மழைக்கும் மண் உள்ளே போகிறது என்றால் அது மரவேர் அழுகிய குழி என்று யாராவது சமாதானம் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதற்கும் பொறியாளர்தான்.

அறிகுறி: காடி நிறுத்தும் போர்ச் தரை தூக்கியிருக்கிறது

இது மரம்தான். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே ஓடுகின்றன, இலைப்பரப்பையும் தாண்டி வெளியே போகின்றன. வேர் தடிக்கும்போது வீட்டைத் தூக்க அதனால் முடியாது. ஆனால் மெல்லிய சிமெண்டுத் தரை, வடிகால், வேலிச் சுவர், நடைபாதைக் கல் ஆகியவற்றை எளிதாகத் தூக்கிவிடும். தூக்கிய இடத்திலிருந்து மரத்தை நோக்கி ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மேடு அந்தக் கோட்டோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

தரையை உடைத்து வேரை வெட்டிவிட்டு மறுபடி சிமெண்டு போடலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கைவிரல் தடிமன் வேர் என்றால் செய்யலாம். தொடை தடிமன் வேரை, அதுவும் தண்டுக்குப் பக்கத்தில் வெட்டினால் மரத்தின் பிடிப்பு போய்விடும். மேலே சொன்ன பாட்டி பார்த்தது அதைத்தான். போர்ச்சைக் காப்பாற்றப் போய்க் கூரையை இழக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் சிமெண்டை எடுத்துவிட்டு, எடுத்து மாட்டக்கூடிய கற்களைப் பதித்தால் வேர் வளர வளரச் சரிசெய்துகொள்ளலாம்.

தரை தூக்காமல் இறங்கியிருந்தால்? அது பெரும்பாலும் நிரப்பு மண் சரியாக இறுகாததால். செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அடிக்கட்டைகளையும் வேர்க்கட்டிகளையும் முழுதாகத் தோண்டி எடுக்காமல் மேலே மண் கொட்டியிருந்தால், அவை அழுக அழுக மண் உள்வாங்கும். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கியவர்களுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 24 மாதம். அதற்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பழைய வீட்டை உள்ளது உள்ளபடி வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அறிகுறி: கழிவறைத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, பின்பக்கம் நாற்றம்

வாளித் தண்ணீரை ஊற்றி, நின்று பாருங்கள். குளுகுளு என்று சத்தத்தோடு ஏறி இறங்கினால் குழாயில் தடை. பிறகு பின்பக்க மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். விற்பவர் தடுத்தால் அதுவே ஒரு தகவல். ஒரு வீட்டில் மூடியைத் தூக்கியதும் தண்ணீரே தெரியவில்லை. குழாய் வாயிலிருந்து செந்நிற மயிர்வேர் கற்றையாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கையால் இழுத்தால் முழ நீளத்துக்கு வந்தது, அறுந்தது, உள்ளே இன்னும் இருந்தது. பழைய மண்குழாய்களில் இணைப்புகள் லேசாக விட்டிருக்கும். அந்த ஈரத்தைத் தேடி வேர் நுழைந்து, உள்ளே தடித்து, குழாயையே பிளந்துவிடும்.

குச்சி விட்டுக் குத்தியோ இயந்திரம் வைத்து அறுத்தோ எடுத்தால் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய அந்தக் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் வளையம் வைத்த பிவிசி குழாய் போட வேண்டும். செலவு யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுக் குழாய் இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள இடங்களிலும், வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை போகும் இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. தோட்டப்புற வீடுகளில் இன்னும் தனி செப்டிக் டேங்க்தான். டேங்க்குக்குப் பக்கத்தில் அத்தி, ஆல், அரசு, மூங்கில் எது இருந்தாலும் டேங்க்கைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அறிகுறி: கூரை ஒழுகுகிறது, மேல்தட்டில் (சீலிங்கில்) பழுப்பு வட்டம்

கட்டரில் (கூரையோர நீர்வாய்க்காலில்) இலை அடைத்தால் தண்ணீர் வெளியே வழியாமல் உள்ளே திரும்பிச் சுவருக்குள் இறங்கும். பால்மரம் (ரப்பர்) ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் மொத்தமாக இலை உதிர்க்கும். அப்போது அடைத்துக்கொண்ட கட்டர் அடுத்த பெருமழையில் வேலையைக் காட்டும். இலைதான் காரணம் என்றால் கட்டரைச் சுத்தம் செய்து வலை போட்டால் தீர்ந்துவிடும். கிளை ஓட்டில் உரசிய தழும்பு இருந்தால் கிளையைக் கழிக்காமல் ஓட்டை மாற்றிப் பயனில்லை.

பழைய தோட்ட வீடுகளில் நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதில் ஏறாதீர்கள், காய்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். கிளையோ டுரியானோ விழுந்து ஏற்கெனவே உடைந்திருந்தால் கூரை முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தண்ணீர் தேங்கிய கட்டர், மரப்பொந்து, விழுந்த மட்டையின் குழிவு எல்லாம் ஏடிஸ் கொசுவுக்கு இடம். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டம் அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் வரும், மரத்துக்காரருக்கு இல்லை.

அறிகுறி: கதவுச் சட்டத்தில் மண்கோடு, மரத்தில் வெற்று ஒலி

கறையான். பால்மரக் காடாக இருந்த நிலத்தில் கட்டிய வீடுகளுக்கு இது கூடவே வருகிறது. உயிரோடு நிற்கும் ரப்பர் மரத்தையே அடியிலிருந்து தின்னும் கோப்டோடெர்மஸ் இனக் கறையான் இந்த மண்ணுக்குரியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று வீட்டுக்குள் புகுவது. வெட்டி விட்ட அடிக்கட்டைகள் அவற்றுக்குத் தீனி.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கதவுச் சட்டத்தின் அடியிலிருந்து மேல்வரை தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஒலி திடீரென்று பொள்ளலாக மாறும் இடத்தில் முனையால் அழுத்துங்கள். வண்ணம் மட்டும் தோலாக நிற்க, முனை உள்ளே போய்விடும். பிறகு கூரைப் பலகைகளைப் பாருங்கள், மேல்தட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து மரத்தடிக்குப் போங்கள். தண்டில் மண்கூடு ஏறியிருந்தால், வீட்டுக்குள் மருந்து அடிப்பதோடு நிற்கக் கூடாது. அந்த மரத்தையும் அடிக்கட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையில் சுவரோரம் துளைபோட்டு மருந்து செலுத்துகிறவர்கள் எழுத்தில் உத்தரவாதம் தருவார்கள். விற்பவரிடம் பழைய உத்தரவாதச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வீட்டில் ஏற்கெனவே கறையான் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அறிகுறி: மரமே சரியாகத் தெரியவில்லை

பலருக்கு வீட்டைப் பார்க்கத் தெரிகிறது, மரத்தைப் பார்க்கத் தெரிவதில்லை. அடியிலிருந்து மேலே போங்கள்.

சாய்ந்த மரம் எல்லாம் ஆபத்து இல்லை. வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்து, நுனி மறுபடி நேராக எழுந்திருந்தால் அது பழைய சாய்வு, பெரும்பாலும் நிற்கும். தண்டு மொத்தமாக ஒரே கோட்டில் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ தூக்கியோ இருந்தால் அது புதுச் சாய்வு. அப்படிப்பட்ட மரத்துக்குக் கீழே உள்ள அறையில் இன்றிரவே யாரும் படுக்கக் கூடாது.

அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் வந்திருந்தால் உள்ளே அழுகல். செம்பனையில் இது கேனோடெர்மா நோய். மட்டை பச்சையாக இருக்கும்போதே அடி மக்கிப்போய் ஒருநாள் மரம் விழும். ரப்பர் மரத்துக்கு வெள்ளைவேர் நோய் உண்டு, அதுவும் பிடிப்பைத் தின்றுவிடும். இரண்டு பெரிய கிளை கூர்மையாகப் பிரியும் கவட்டையில் பிளவுக் கோடு இருந்தால், உச்சியை மொட்டையடித்த இடத்திலிருந்து புதுக்கிளைகள் கொத்தாக எழுந்திருந்தால், இலைக்கூட்டத்தின் நடுவே காய்ந்த கிளை தொங்கினால், இவையெல்லாம் கழிக்க வேண்டியவை.

எந்த மரம் என்பதையும் பொறுத்தது. வேகமாக வளரும் பத்தாய் (batai) மரத்தை வீட்டுப் பக்கத்தில் நான் ஒருபோதும் நம்பமாட்டேன். அதன் கிளை மெத்து, காற்றுக்கு ஒடியும். ரப்பர் மரமும் ஒடியும் இனம்தான். தூங்குமூஞ்சி உயரத்தைவிட அகலமாகப் படர்வது. தைப்பிங் ஏரித் தோட்டத்தில் சாலையைத் தாண்டிக் குனிந்து தண்ணீரைத் தொடும் கிளைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு இடம் கேட்கும் என்று தெரியும். செம்பனைக்கும் தென்னைக்கும் ஆணிவேர் இல்லை, நார்வேர்தான். அவை அடித்தளத்தை உடைப்பதில்லை. தேங்காய், மட்டை, எலி, எலியைத் தேடி வரும் பாம்பு ஆகியவைதான் அவற்றால் வரும் தொல்லை. டுரியான் பெரும்பாலும் இரவில் விழும். காய்க்கும் கிளை கூரைக்கு மேலே இருந்தால் படுக்கையறையை மாற்றுவதைவிடக் கிளையை மாற்றுவது சுலபம்.

இந்த மேற்குக் கரைப் பக்கம் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சுமத்ராப் புயல்காற்று வரும். மழையில் ஊறிய மண்ணில் மரம் சாய்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட காற்றுக்குத்தான், எல்லாரும் தூங்கும் நேரத்தில். ஆகவே மரத்தின் உயரத்தையும் வீட்டுக்கு உள்ள தூரத்தையும் ஒப்பிட்டு, விழுந்தால் எந்த அறையில் விழும் என்று பாருங்கள். குழந்தைகள் படுக்கும் அறை என்றால் சந்தேகத்தின் பலனை மரத்துக்குக் கொடுக்காதீர்கள். மரம் பார்க்கத் தெரிந்த வல்லுநர் ஒருவரின் எழுத்து அறிக்கை வாங்குங்கள். தோட்டத்தில் மரம் வெட்டிப் பழகியவர் திறமைசாலிதான். வெட்டத் தெரிவது வேறு, நிற்குமா என்று சொல்லத் தெரிவது வேறு.

தெபுவான் குளவிக் கூடு இருந்தால் கல் எறிய வேண்டாம், புகை போட வேண்டாம். 999-க்கு அழைத்தால் பொம்பாவோ (தீயணைப்புப் படையோ) பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள்.

அறிகுறி: கிளை மின்கம்பியைத் தொடுகிறது

நீங்களும் தொடாதீர்கள், கூலிக்கு ஆளும் வைக்காதீர்கள். மின்சார நிறுவனமான டி.என்.பி.க்கு 15454 எண்ணில் சொல்லுங்கள்.

அறிகுறி: வீட்டுக்குப் பின்னால் மேடு, மேட்டில் மரங்கள்

இங்கே என் ஆலோசனை தலைகீழ். வெட்டாதீர்கள். சரிவில் நிற்கும் மரங்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றன, மழையை மெதுவாக இறக்குகின்றன. 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேர் இறந்ததை நம் தலைமுறையால் மறக்க முடியாது. பின்மேட்டில் மரத்தை அழித்து நிலத்தைத் திறந்துவிட்டதும், தண்ணீர் சரியாக வடியாததும், தாங்குசுவர் இடிந்ததும் சேர்ந்துதான் அது நடந்தது. வாங்கப் போகும் வீட்டின் பின்மேட்டில் மரங்கள் அண்மையில் வெட்டப்பட்டு மண் சிவப்பாகத் தெரிகிறதா, தாங்குசுவரின் துளைகளில் மழைக்குப் பின் தண்ணீர் வராமல் அடைத்திருக்கிறதா, மேட்டில் நிற்கும் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய ஆரம்பித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவதைக் கண்டால் அந்த வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அறிகுறி: மரத்தடியில் சூலம், மஞ்சள் துணி, விளக்கு

தோட்டம் இருந்த இடமெல்லாம் ஒரு முனீஸ்வரரோ மதுரை வீரனோ மரத்தடியில் இருப்பார். தோட்டம் போய்த் தாமான் வந்த பிறகும் அங்கேயே இருப்பார். அந்த மரம் பெரும்பாலும் அரசு அல்லது ஆல். வேர் உங்கள் வேலிக்கு வரும், பழத்தைத் தின்ற பறவை போடும் விதை உங்கள் சுவர் வெடிப்பில் முளைக்கும். முளைத்ததை விரலளவில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். கைத்தடி அளவுக்கு விட்டால் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

தாய்மரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், முன்பணம் கட்டும் முன்பே அங்கே விளக்கேற்றுகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். "அண்ணே, இந்த வீட்டை வாங்கலாம்னு இருக்கோம். கூரைப் பக்கம் வரும் கிளையை மட்டும் ஆள் வைத்துக் கழிக்கச் சம்மதமா, செலவு நாங்க ஏத்துக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், பூசை போட்டு அவர்களே நாள் பார்த்துச் சொல்வார்கள். வாங்கிய பிறகு வக்கீல் கடிதத்தோடு போனால் அந்தத் தெருவில் உங்களுக்கு நிம்மதி இருக்காது. மரமும் கோயிலும் இருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நில அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். நாளைக்கு அந்த நிலத்தில் சாலை வந்தாலோ கட்டடம் வந்தாலோ உங்கள் வீட்டுக்கும் பாதிப்பு உண்டு.

மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்றால்

சொந்த நிலத்து மரம் என்றாலும் நினைத்த நேரத்தில் சாய்க்க முடியாது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி தண்டின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட உள்ளூர் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்து அனுமதி வேண்டும். நம் ஊர்களில் அது நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். பட்ட மரம், உடனடி ஆபத்தான மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அப்படியானாலும் வெட்டும் முன் படம் எடுத்து வையுங்கள். தையல் டேப் கொண்டுபோகச் சொன்னது இந்தச் சுற்றளவை அளக்கத்தான்.

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை உங்கள் எல்லைக்குள் வந்தால் எல்லைக்கோடு வரை கழிக்கலாம், அதைத் தாண்டி அவர் நிலத்துக்குள் போய் வெட்டக் கூடாது. வெட்டிய கிளையும் அதில் இருக்கும் காயும் மரத்துக்காரருடையவை. சட்டம் இப்படி இருந்தாலும் முதலில் போய்ச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ரம்புத்தான் காய்க்கும் பருவத்தில் கிளையைக் கழித்து ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன.

பணமும் எழுத்தும்

பழைய வீட்டுக்குப் பொதுவாக முதலில் இரண்டு மூன்று விழுக்காடு முன்பணம், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தம் பத்து விழுக்காடு. மரத்தைப் பற்றிய பேச்சு முன்பணத்துக்கு முன் நடக்க வேண்டும். விற்பவர் "சாவி கொடுக்கும் முன் வெட்டித் தருகிறேன்" என்றால் அதை வக்கீலிடம் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்: எந்த மரம், யார் செலவு, அனுமதி யார் வாங்குவது, அடிக்கட்டையும் வேரும் எடுக்கப்படுமா, குழியை நிரப்பி இறுக்கித் தருவார்களா. "மரம் வெட்டப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் முழங்கால் உயர அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போவார்கள், மேலே சொன்ன கறையான் அங்கேதான் குடியேறும்.

வங்கி கேட்கும் அடிப்படைத் தீக்காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்குத்தான். புயல், வெள்ளம், மரமோ கிளையோ விழுவது ஆகியவற்றைக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும், அல்லது அவற்றை உள்ளடக்கிய வீட்டுக் காப்புறுதியாக எடுக்க வேண்டும். முகவர் சொல்வதை நம்பி விடாமல் பத்திரத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று நீங்களே படியுங்கள். ஆபத்தான மரம் என்று முன்பே தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்றால் இழப்பீட்டில் தகராறு வரலாம். அதனால் பக்கத்து நிலத்து மரத்தைப் பற்றி மரத்துக்காரருக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை வெட்டிய கையோடு விரிசலைப் பூசவும் வேண்டாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே அகலத்தையும் குறியுங்கள், நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உடைந்த வடிகாலையும் குழாயையும் சரிசெய்துவிட்டு ஒரு மழைப் பருவம் முழுதும் கழியட்டும். கோட்டைத் தாண்டி விரிசல் நீளவில்லை, அகலவில்லை என்றால் பூசி வண்ணம் அடிக்கலாம். நீண்டிருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பூச்சுக்காரரைக் கூப்பிடாமல் அந்தப் படங்களோடு பொறியாளரிடம் போங்கள்.